கட்டட அளவையாளரும் கிராமமும்

(விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளைச் சேர்ந்த ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் எடுப்பித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. 1300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நிலைத்து நிற்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச்சாந்தும் இல்லாமலே இக்கோயில் எடுக்கப்பட்டது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. இந்நான்கும் காலத்தால் அழியக்கூடியவை. செங்கல் அரிக்கும், மரம் செல்லுக்கு இரையாகும், இரும்பு துருப்பிடிக்கும், சாந்து உதிரும். ஆனால் நம்முடைய பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, குடியிருக்கும் வீடு ஆகிய யாவற்றையும் இந்த நான்கைக் கொண்டே நாம் கட்டுகிறோம். எல்லோரும் பாறையைக் குடைந்து குடியிருக்க முடியாது. ஆகவே, நாம் கட்டியவற்றில் அழிவு எங்கே தொடங்கியிருக்கிறது, எதனால் தொடங்கியிருக்கிறது, அதை எவ்வாறு தடுக்கலாம் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. அவரே கட்டட அளவையாளர். அவருடைய வேலையையும், அவரிடம் இருக்க வேண்டிய திறமையையும், அவர் விஷயத்தில் ஊராட்சி மன்றத்துக்குள்ள கடமையையும் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

கிராமத்தில் ‘சர்வேயர்’ என்றவுடன் சங்கிலியும் புல வரைபடமும் கொண்டு வந்து வயலின் எல்லைக் கல்லைத் தேடும் வருவாய்த் துறை ஊழியரே நம் நினைவுக்கு வருவார். நாம் இங்கே சொல்பவர் அவர் அல்லர். நிலத்தின் மேல் எழுந்து நிற்கும் கட்டடத்தை அளந்தும் ஆராய்ந்தும் சொல்பவர் இவர். மேல்நாடுகளில் இது நெடுங்காலமாகத் தனித் தொழிலாகவே இருந்து வருகிறது. 1666-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரம் தீக்கிரையான பிறகு, புதிதாக எழும் வீடுகள் விதிப்படி கட்டப்படுகின்றனவா என்று பார்ப்பதற்காக நகர அளவையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற விஞ்ஞானியான ராபர்ட் ஹூக். 1868-இல் அளவையாளர்களுக்கென்றே அங்கு ஒரு சங்கமும் தோன்றியது. நம் நாட்டில் இந்த வேலையைச் செய்பவருக்குத் தனிப் பெயர் இல்லை. நம் ஒன்றியங்களில் ஒன்றியப் பொறியாளரும், ‘ஓவர்சியர்’ என்று நீங்கள் அழைக்கும் பணி மேற்பார்வையாளரும் இதைச் செய்கிறார்கள். பெயர் எதுவாயினும் வேலை ஒன்றே.

இவ்வேலையின் முதல் பகுதி, கட்டி முடிந்த கட்டடத்தின் உடல்நிலையைக் கண்டறிவது. வைத்தியர் காய்ச்சலைப் பார்த்ததோடு நில்லாமல் காய்ச்சலுக்குக் காரணத்தைத் தேடுவதுபோல், இவர் விரிசலைப் பார்த்ததோடு நில்லாமல் விரிசலின் காரணத்தைத் தேட வேண்டும். விரிசல்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. பூச்சின்மேல் சிலந்தி வலைபோல் ஓடும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் உண்டானவை. அவற்றால் சுவருக்கு ஆபத்து இல்லை. மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஓடும் விரிசல், கான்கிரீட் தளம் பகல் வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் சுவரை இழுப்பதால் வருவது. பழைய கட்டடத்தோடு புதிய அறையை ஒட்டிக் கட்டிய இடத்தில் செங்குத்தாகப் பிளவு தோன்றினால், இரண்டும் சரிவரப் பிணைக்கப்படவில்லை, தனித்தனியே அமர்கின்றன என்று கொள்ளலாம். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் சாய்வாக இறங்கும் விரிசல், அஸ்திவாரம் ஒரு பக்கம் அமர்ந்துவிட்டதோ என்று ஐயுறச் செய்வது.

இவற்றைவிடக் கவலை தருவது இன்னொன்று. தூணிலோ உத்தரத்திலோ கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக வெடித்து, அதில் பழுப்புக் கறை கசிந்திருந்தால், உள்ளே இரும்பு துருப்பிடித்திருக்கிறது என்று அறியலாம். இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தால் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. அதன்மேல் சிமெண்டைப் பூசி, வெள்ளையடித்து மறைப்பது, சீழ் வைத்த புண்ணைக் கழுவாமல் துணி சுற்றுவதற்கு ஒப்பாகும்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். அவ்வூர்ப் பள்ளியில் ஒரு வகுப்பறைச் சுவரில் சாய்வான விரிசல் கண்டது. மூன்று முறை பூசினார்கள். மூன்று முறையும் அதே இடத்தில் மீண்டும் திறந்துகொண்டது. மேற்பார்வையாளர் வந்தபோது சுவருக்கு எதிரே அதிக நேரம் நிற்கவில்லை. நேரே கட்டடத்தின் பின்புறம் சென்றார். அங்கே கைப்பம்பிலிருந்து வழியும் தண்ணீர் போக வழியின்றி, அஸ்திவாரத்தை ஒட்டியே ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை அப்புறப்படுத்தச் சொன்னார். பிறகு விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டுக் குழம்பால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி வைத்தார். விரிசல் சிறிது நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். இரண்டு மழைக்காலம் கடந்தும் கண்ணாடி உடையவில்லை. அதன்பின்னரே சுவரைப் பழுது பார்த்தார்கள். அது இன்றுவரை நன்றாக இருக்கிறது. சாந்துப் பூச்சால் தீராத நோய் ஒரு மண்வெட்டியால் தீர்ந்தது.

இத்தகைய ஆராய்ச்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் முதலில் வேண்டியதில்லை. சுவர் சாய்ந்திருக்கிறதா என்று காணத் தூக்குக்குண்டு; தளம் சமமாக உள்ளதா என்று காண ரசமட்டம்; பூச்சும் கான்கிரீட்டும் உள்ளே விட்டுப்போயிருந்தால் பொள்ளல் ஓசையால் காட்டிக்கொடுக்கச் சிறு சுத்தியல்; அளவு நாடா, ஒரு ஏணி, ஒரு விளக்கு. இவற்றோடு பழகிய கண்ணும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலானவற்றைக் கண்டுகொள்ளலாம். ஐயம் நீங்காதபோது, கான்கிரீட்டின் உறுதியை மதிப்பிடும் மீள்விசைச் சுத்தியலும், ஒலி அலை செலுத்தி உட்புறத்தை அறியும் கருவியும் பொறியியல் கல்லூரிகளின் உதவியோடு பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் ஏணியில் ஏறி மேல்தளத்தைப் பார்க்காதவருக்கு எந்தக் கருவியும் பயன் தராது. தளத்தின் மேலே சருகு அடைத்த வடிகுழாயும், கைப்பிடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்றும், பெயர்ந்த தட்டோடும் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அளவையாளர் தம் பகுதியின் மண்ணையும் காற்றையும் அறிந்திருக்க வேண்டும். மரக்காணத்தில் உப்பளங்கள் இருப்பதை யாவரும் அறிவோம். அந்தக் கடற்காற்று கம்பிக்குப் பகை. சாதாரணமாகத் தூணில் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர், தளத்தில் 20 மில்லிமீட்டர் கனம் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கடலோரத்தில் இதனினும் கூடுதலாக வேண்டும். இதற்காகவே கம்பிக்கு அடியில் ‘கவர் பிளாக்’ என்னும் சிறு கட்டைகள் வைக்கப்படுகின்றன. அவை வைக்கப்பட்டனவா என்று கான்கிரீட் போடும் முன்பே பார்த்தாக வேண்டும். கரிசல் பாங்கான மண் உள்ள இடங்களில் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கிறது. அதன்மேல் ஆழமற்ற அஸ்திவாரம் நிலைக்காது. ஏரிக்கரை ஓரங்களிலும், மேடாக்கிய பள்ளங்களிலும் இட்ட மண் சரியாக அமராதிருக்கும். செஞ்சிப் பக்கத்தில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகள் பல இருக்கின்றன. அவ்வகைச் சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும் மீண்டும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் கெட்டியாகச் சிமெண்டுப் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, ஓதம் மேலே ஏறி, செங்கல் பொடிந்துபோகும். பழையதைப் பழைய முறையிலேயே பழுது பார்க்க வேண்டும் என்பதை அறிந்து சொல்வதும் அளவையாளரின் திறமையே.

‘பழையது என்றால் ஆபத்து, புதியது என்றால் பத்திரம்’ என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. இது சரியன்று. தென்பெண்ணையாற்றின் குறுக்கே எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டு 1950-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 70 ஆண்டுகள் நம் வயல்களுக்கு நீர் தந்துவிட்டு, 2021 நவம்பர் வெள்ளத்தில் அது உடைந்தது. அதே ஆற்றில் தளவானூரில் 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் 2020-இல் முடிக்கப்பட்ட தடுப்பணையின் ஒரு பக்கச் சுவரோ 2021 ஜனவரியிலேயே உடைந்துவிட்டது. அணைகள் வேறு, கட்டடங்கள் வேறு. எனினும் பாடம் ஒன்றே. கட்டிய ஆண்டைக் கொண்டு ஒன்றின் உறுதியைத் தீர்மானிக்க முடியாது. பார்த்தும் அளந்துமே தீர்மானிக்க வேண்டும்.

அளத்தல் என்னும் இரண்டாம் பகுதிக்கு இப்போது வருகிறோம். புதிய வேலை நடக்கும்போது மேற்பார்வையாளர் கையில் ஒரு புத்தகம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே அளவுப் புத்தகம். வழக்கில் ‘எம்-புக்’ என்கிறோம். அதன் பக்கங்கள் எண்ணிடப்பட்டவை. ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. பிழை நேர்ந்தால் அழித்து எழுதாமல், கோடிட்டு அடித்துக் கையொப்பமிட வேண்டும். மேலதிகாரி ஒரு பகுதியை மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டும். பொதுப்பணம் வெளியே செல்லும் வாசல் இந்தப் புத்தகமே.

ஒரு கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள ஒரு வகுப்பறைக்கு 12.5 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம் போட மதிப்பீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 7.5 கன மீட்டர் கான்கிரீட் தேவை. தளத்தின் கனம் 10 சென்டிமீட்டராகக் குறைந்துபோனால் 6 கன மீட்டரே செலவாகும். ஓர் அங்குலக் குறைவில் ஐந்தில் ஒரு பங்கு பொருள் மறைந்துவிடுகிறது. பொருள் மட்டுமா மறைகிறது? தளத்தின் பலமும் அதனோடு போய்விடுகிறது. கீழே பாடம் படிக்கும் பிள்ளைகளின் தலைக்குமேல் அந்த ஓர் அங்குலம் இல்லாமற் போகிறது.

மறைந்துபோகும் வேலையை மறையும் முன்பே அளக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. அஸ்திவாரக் குழியின் ஆழத்தை மண் மூடுமுன் அளக்க வேண்டும். கம்பியின் பருமனையும் இடைவெளியையும் கான்கிரீட் ஊற்றுமுன் எண்ண வேண்டும். ஆகையால், ‘நாளைக்கு நல்ல நாள், இன்றிரவே கான்கிரீட் போட்டுவிடுகிறோம்’ என்று யாரேனும் அவசரப்படுத்தினால், ‘ஓவர்சியர் கம்பியைப் பார்த்துவிட்டாரா?’ என்று வார்டு உறுப்பினர் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது வேலையைத் தடுப்பதாகாது; ஊரின் உரிமையைக் காப்பதாகும்.

பொருள்களைச் சோதிக்கும் எளிய முறைகளை நீங்களும் அறிந்துகொள்ளலாம். நல்ல செங்கற்கள் இரண்டை மோதினால் கணீரென ஒலிக்கும். 24 மணி நேரம் நீரில் ஊறிய செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரைக் குடித்திருக்கக் கூடாது. மணலை ஒரு கண்ணாடித் தம்ளரில் இட்டு நீரூற்றிக் கலக்கி வைத்தால், வண்டல் மேலே தனிப்படலமாகப் படியும். அந்தப் படலம் தடித்திருந்தால் அம்மணல் ஆகாது. திருவக்கரைப் பக்கத்துக் கல் அரவை ஆலைகளிலிருந்து வரும் எம்-சாண்டிலும் வெறும் கல்தூள் மிகுந்திருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். கான்கிரீட்டை 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகளாக வார்த்து, 28 நாள் நீரில் வைத்து, ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பது முறை. போட்ட கான்கிரீட்டுக்கு நீர் கட்டுவதும் முக்கியம். இப்பொழுது பெரும்பாலும் விற்பனையாகும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். நாற்றுக்கு நீர் பாய்ச்சத் தெரிந்த நமக்கு இது கடினமான காரியம் அல்ல.

அளவையாளருக்கு வேண்டிய மூன்றாவது திறமை, கண்டதைக் கண்டபடி எழுதும் துணிவு. இதுவே எல்லாவற்றிலும் அரியது. ‘இக்கட்டடத்தைப் பூட்டிவிடுங்கள்’ என்று அவர் சொன்னால் ஊரில் வருத்தம் உண்டாகிறது. ‘பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? இந்த மழைக்காலம் மட்டும் பொறுத்துக்கொள்ளலாகாதா?’ என்று நாம் கேட்கிறோம். நம் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மழை நம் வசதியைப் பார்த்துப் பெய்வதில்லை. 2019 டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் உயரமான ஒரு சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, பக்கத்து வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். 2021 டிசம்பர் 17-ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பின்னர் மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, சிதிலமடைந்தவற்றை இடிக்க அரசு உத்தரவிட்டது. சுவர் என்றால் வகுப்பறைச் சுவர் மட்டுமே என்று எண்ணக் கூடாது. சுற்றுச்சுவரும் கழிவறைச் சுவரும் பிள்ளைகள் நெருங்கி நடமாடும் இடங்களே என்பதை இவ்விரண்டும் நமக்கு உணர்த்துகின்றன.

நம் மாவட்டமும் மழைக்கு விலக்கானதன்று. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரியை அடுத்துக் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. இத்தகைய காலத்தில் மழை விட்டவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதக் கூடாது. ஊறிய மண் சுவர்களும், பழைய தொகுப்பு வீடுகளும், நீர் சூழ்ந்து நின்ற சுவர்களும் மழை விட்ட பின்னரும் விழக்கூடும். அளவையாளர் பார்த்துச் சொல்லும்வரை அவற்றுள் குடிபுகாமல் இருப்பதே நல்லது.

ஆகவே, ஊராட்சிகள் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆகஸ்டு 15 கிராம சபைக்கு முன்பே உங்கள் ஊரிலுள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்துக்கும் ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, விரிசல், ஓதம், கம்பி தெரியும் இடம், சாய்வு, நீர் தேக்கம், முளைத்த மரக்கன்று ஆகியவற்றைக் குறியுங்கள். பட்டியலைக் கிராம சபையில் படித்து, ஆய்வு வேண்டித் தீர்மானம் நிறைவேற்றி, ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் சிறு பழுதுகள் தீர வேண்டும். ‘உபயோகத்துக்கு ஏற்றதன்று’ என்று எழுத்து மூலம் வந்த கட்டடத்தை அன்றே பூட்டுங்கள். அதைச் சுற்றி வேலி இட்டு, பிள்ளைகள் அதன் நிழலிலும் விளையாடாமல் பாருங்கள். இடிப்பதற்கு மதிப்பீடும் அனுமதியும் பெற நாளாகலாம்; பூட்டுவதற்கு நாளாக வேண்டியதில்லை. பிள்ளைகள் உட்கார வேறு இடம் தேடுவது அளவையாளர் வேலையன்று. அது நம்முடைய வேலை. சமுதாயக் கூடமோ, வாடகை வீடோ ஏற்பாடு செய்து கொடுத்தால், உண்மையை எழுத அவருக்கும் தயக்கம் இராது. ‘ஊருக்குத் தொல்லை கொடுத்தவர்’ என்ற பெயர் அவருக்கு வரக் கூடாது.

விவசாய நண்பர்களே! உங்கள் சொந்த வீட்டுக்கும் இவை யாவும் பொருந்தும். வீடு கட்ட 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. சிறிய வீடுதானே என்று கம்பியிலும் நீர் கட்டுவதிலும் சிக்கனம் பிடித்தால், பத்தாண்டுகளில் மழைநீர் உள்ளே ஒழுகும். ஒவ்வொரு கட்ட வேலையும் முடிந்தவுடன் மேற்பார்வையாளர் வந்து அளக்கும்போது வீட்டுக்காரரும் உடன் நிற்க வேண்டும். எதை அளக்கிறார், ஏன் அளக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு சொல். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் அளவை, வரைபடம், கட்டட வேலை ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. கட்டுவதற்குப் பலர் வருகிறார்கள். கட்டியதைப் பேணுவதற்கு வருபவர் சிலரே. கணக்கில் தெளிவும், ஏணியில் ஏற அஞ்சாமையும், எழுத்தில் நேர்மையும் உள்ள பிள்ளைகள் உங்கள் ஊரில் இருந்தால் இத்துறைக்கு அனுப்புங்கள். கொத்தனார்களின் அனுபவ அறிவையும் அவர்கள் கேட்டுப் பயில வேண்டும். நாற்பது ஆண்டு கரணை பிடித்த கை அறிந்தவற்றுள் சில எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

விதைத்த பயிரை நாம் நாள்தோறும் சென்று பார்க்கிறோம். பூச்சி விழுந்தால் முதல் இலையிலேயே கண்டுகொள்கிறோம். கட்டிய கட்டடத்தையோ திறப்பு விழா அன்று பார்த்ததோடு விட்டுவிடுகிறோம். இந்த வழக்கத்தை மாற்றி, இவ்வாண்டு மழை தொடங்குமுன் உங்கள் ஊர்க் கட்டடங்களை ஒருமுறை சுற்றி வாருங்கள் என்றும், அளவையாளர் சொல்லும் சொல் கசப்பாயினும் அதை ஏற்றுச் செயலாற்றுங்கள் என்றும் அன்போடு கேட்டுக்கொண்டு, எங்கள் உரையை முடித்துக்கொள்கிறோம்.